உதயகலா பயத்தால் சாகவில்லை

செய்தி வந்தபோது முற்பகல் பத்து நாற்பது. 2024 பங்குனி ஆறாம் திகதி, புதன்கிழமை. பிரதேச சபைக் கந்தோரில், தெருவிளக்கு எரியவில்லை என்று வந்த முறைப்பாடுகளை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். உதயகலாவின் கைபேசியிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் ஓர் ஆண்குரல்.

"அண்ணை, இந்தப் போனிலை 'இவர்' எண்டு ஒரு நம்பர் கிடக்கு. நீங்களோ அந்த இவர்?"

"ஓம். நீர் ஆர்?"

"நான் பஸ் கொண்டக்டர், சுபாங்கன். கைதடிச் சந்தியிலை நிக்கிறன். அக்காவை மோட்டச்சைக்கிள் அடிச்சுப்போட்டுது. அம்புலன்ஸிலை ஏத்தியாச்சு. கெதியா வாங்கோ."

நான் போய்ச் சேருமுன் என் மனைவி உதயகலா இறந்துவிட்டாள். அவளுக்கு நாற்பத்து நான்கு வயது.

அன்று பின்னேரம் முற்றத்தில் பந்தல் போட்டு முடியுமுன் கதை கட்டி முடிந்துவிட்டது. "பயவருத்தக்காரியெல்லோ, ஓடுற பஸ்ஸாலை குதிச்சிட்டாவாம்" என்றார் ஒருவர். "குதிக்கேல்லை, அந்த மூளைக்குளிசை போட்டுத் தலை சுத்தி விழுந்தவவாம்" என்று திருத்தினார் இன்னொருவர். வந்தவர்கள் தங்கள் தங்கள் விருப்பப்படி ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்கள்.

இரண்டும் பொய். சந்தியிலுள்ள கடையொன்றின் கமராப் பதிவைப் பொலிசார் எனக்குக் காட்டினார்கள். பஸ் முழுதாக நின்ற பிறகுதான் அவள் இறங்குகிறாள். இறங்கி இரண்டடி வைத்து, வெயிலுக்குக் குடையை விரிக்கிறாள். பஸ்ஸுக்கும் தெருக்கரைக்கும் நடுவே இடப்பக்கத்தால் முந்திக்கொண்டு வந்த மோட்டச்சைக்கிள் அவளை இடிக்கிறது. அவ்வளவுதான் நடந்தது. அந்த இடத்தில் எவர் இறங்கியிருந்தாலும் அதுதான் நடந்திருக்கும்.

முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்க வேண்டும். அதை அச்சகத்தில் கொடுக்கும் பொறுப்பை அவளுடைய மூத்த தமையன் சோமசேகரம் எடுத்துக்கொண்டார். தேவாரம், படங்கள், நன்றி நவிலல் எல்லாம் ஆயத்தம். வாழ்க்கை வரலாறு மட்டும் நான் எழுத வேண்டும். எழுதியதை வாசித்த சோமசேகரம் அண்ணை மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது மலர் தம்பி. கிளினிக் கொப்பி இல்லை."

"நடந்ததைத்தானே எழுதியிருக்கிறன்."

"நடந்ததெல்லாம் ஆர் எழுதுறது? சங்கக்கடை முகாமையாளரா இருந்தவ, கோயில் தொண்டு செய்தவ, எல்லாரோடையும் சிரிச்சுக் கதைக்கிறவ எண்டு போடு. பிள்ளை துஷாந்தினிக்கு நாளைக்கு ஒரு சம்பந்தம் பேசப் போக, தாய்க்கு விசர் எண்டு நாங்களே அச்சடிச்சுக் குடுக்கிறதோ?"

"விசர் எண்டு எங்கை எழுதியிருக்கிறன்?"

"சனம் அப்பிடித்தான் வாசிக்கும்."

வாசிக்கட்டும். கோயில் தொண்டு அவள் செய்ததில்லை. எல்லாரோடும் சிரித்துக் கதைத்ததும் இல்லை. கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் இடையில் நுழைந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவள் செய்த பெரிய வேலை ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டு எழுதினால் அது வேறு யாருடையதோ வரலாறு.

சண்டிலிப்பாயில் புகையிலையும் மிளகாயும் நட்ட பொன்னம்பலத்தின் கடைசி மகள் அவள். உயர்தரம் படித்துவிட்டுச் சங்கக்கடையில் எழுதுவினைஞராகச் சேர்ந்தாள். என்னைக் கலியாணம் செய்து, துஷாந்தினியைப் பெற்று, கடைக்கு முகாமையாளரானாள். முப்பத்தேழு வயது வரை அவளுக்குத் தடிமனும் காய்ச்சலும் தவிர வேறு நோய் வருத்தம் தெரியாது.

2017 ஆவணியில், சாவகச்சேரியில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்த் திரும்பிவரும்போது, நாவற்குழிப் பாலத்தில் பஸ்ஸுக்குள் அது வந்தது. திடீரென்று நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. விரல்கள் விறைத்தன. மூச்சு இழுக்க இழுக்கப் போதவில்லை. "இஞ்சாருங்கோ, நான் சாகப் போறன்" என்று என் கையைப் பிடித்தாள். அந்தப் பிடியின் நகக்குறி இரண்டு நாள் என் கையில் இருந்தது. ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். இதயத்தில் ஒரு குறையும் இல்லை. அந்த மாதத்திலேயே இன்னும் இரண்டு தடவை போனோம், இன்னும் இரண்டு ஈசிஜி. "கண்டபடி யோசிக்காதேங்கோ" என்று சொல்லி அனுப்பினார்கள்.

"யோசிக்காமல் இருக்கிறது எப்பிடி எண்டு ஒருத்தரும் சொல்லித் தாறாங்கள் இல்லையே" என்றாள் வரும் வழியில்.

பிறகு அது வருமோ என்ற பயம் வந்தது. வருத்தத்தைவிட அதுதான் பொல்லாதது. பாலத்தைத் தவிர்த்தாள். பிறகு பஸ்ஸைத் தவிர்த்தாள். பிறகு தேர்த்திருவிழா, பிறகு செத்தவீடு, பிறகு சங்கக்கடையில் சனம் கூடும் நாள். தவிர்த்த ஒவ்வொன்றும் அப்போதைக்கு ஆறுதல் தந்தது. அந்த ஆறுதலை வாங்கி வாங்கியே ஒரு வருடத்தில் எங்கள் படலைக்கு வெளியே போகமுடியாதவள் ஆனாள். வேலையில் நீண்ட விடுமுறை எடுத்தாள். சோமசேகரம் அண்ணை ஒருவரைக் கூட்டிவந்து பார்வை பார்ப்பித்தார். திருநீறு போட்டு, கையில் நூல் கட்டினார்கள். உதயகலா மறுக்கவில்லை. ஒரு கிழமை கழித்துக் கையை நீட்டிக் காட்டினாள்.

"அண்ணை, நூல் நல்ல நூல்தான். கைதான் அதோடை சேர்ந்து நடுங்குது."

இனி என்னுடைய பிழையைச் சொல்ல வேண்டும். இது மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டிய வருத்தம் என்று கந்தோரில் ஒருவர் எனக்குச் சொன்னார். எங்களுக்குக் கிட்டவே ஒரு கிளினிக் இருந்தது. ஆனால் அங்கே போனால் ஊர்ச்சனம் காணும். ஆகவே நான் சாவகச்சேரியைத் தெரிவுசெய்தேன். சண்டிலிப்பாயிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து சாவகச்சேரிக்கு இன்னொரு பஸ், நடுவிலே அந்தப் பாலம். பஸ்ஸுக்குப் பயந்தவளை இரண்டு பஸ் ஏற்றி வைத்தியத்துக்கு அனுப்பப் பார்த்த படித்த மனிதன் நான். கிளினிக் தந்த முதல் திகதியில் மானிப்பாயில் இறங்கித் திரும்பினாள். இரண்டாவதில் யாழ்ப்பாண பஸ் நிலையம் வரை வந்து திரும்பினாள். மூன்றாவதில் படலையைக்கூடத் திறக்கவில்லை. மனிசி ஒத்துழைக்கிறாளில்லை என்று அவளிலேயே எனக்குக் கோபம்.

நான்காவது திகதிக்கு ஓட்டோ பிடித்தோம். பாலத்தில் முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டாள். கிளினிக்கில் காத்திருக்கும் வாங்கிலில் இடம் பார்த்தால், மூலையில் சுவர்ப்பக்கம் திரும்பி ஒருவர் இருந்தார். மடியில் கிளினிக் கொப்பி, பத்திரிகைத் தாளில் சுற்றியபடி. எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருக்கும் கனகலிங்கம் மாஸ்டர். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், கோயில் பரிபாலன சபைச் செயலாளர். மாதம் ஒருமுறை இந்தச் சாவகச்சேரிப் பக்கம் தென்மராட்சியில் தென்னங்காணி பார்க்கப் போகிறேன் என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிறவர்.

"மாஸ்டர், காணி பாக்க வந்தனீங்களோ?" என்றாள் உதயகலா.

மாஸ்டர் தாளை இன்னொரு சுற்றுச் சுற்றினார். "ஓம் பிள்ளை. நீர்?"

"நானும் உந்தக் காணிதான்."

மாஸ்டர் சிரிக்கத் தொடங்கினார். கண்ணால் தண்ணீர் வரும்வரை சிரித்தார். ஒன்பது வருடமாக அவர் அந்தக் காணியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கொப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்த தாதி நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னா: "இஞ்சத்தை ஆக்கள் முழுக்க ஒளிச்சு உங்கடை பக்கம் போகினம். நீங்கள் ஒளிச்சு இஞ்சை வாறியள். பஸ்காரருக்குத்தான் நல்லது."

(கனகலிங்கம் மாஸ்டரின் பெயரை அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது தம்பி. எனக்கு இனி ஆர் பொம்பிளை குடுக்கப் போறான்" என்றார்.)

திரும்பும் வழியில், ஓட்டோவுக்குள் துவாயை மடித்து வைத்துவிட்டு உதயகலா என்னிடம் சொன்னாள்: "அடுத்த முறை கிட்ட இருக்கிற கிளினிக். சனம் பாத்தால் பாக்கட்டும். இவ்வளவு தூரம் வந்து ஒளிச்சதுக்கு, ஊரிலை பாதி இஞ்சை இருக்கும் போலை கிடக்கு."

அப்படியே செய்தாள். அங்கிருந்த டொக்டர் ஒரு சிறுபிள்ளை போலத் தோற்றமளித்த பெண். வருத்தத்துக்கு ஒரு பெயர் உண்டு, அது பலருக்கு வருவது, மாறக்கூடியது என்றார். "வீட்டு நாய் கள்ளனைக் கண்டாலும் குரைக்கும், காகத்தைக் கண்டாலும் குரைக்கும். குரைக்குது எண்டு நீங்கள் வீட்டை விட்டு ஓடினா, நாய் ஒவ்வொரு காகத்துக்கும் குரைக்கப் பழகிடும்." குளிசை நித்திரைக்கானது அல்ல, பிடிக்க மூன்று நாலு கிழமை செல்லும், முதல் நாட்களில் வயிறு குழம்பும், சுகம் வந்தவுடன் தாங்களாக நிறுத்தக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். குளிசையோடு இன்னொன்றும் தந்தார்: பயமான இடங்களை இலேசானதிலிருந்து கடினமானது வரை படிப்படியாக எழுதி, ஒவ்வொரு படியிலும் பயம் தானாக இறங்கும்வரை நிற்க வேண்டும். உச்சத்தில் இறங்கி ஓடக்கூடாது.

முதல் படி, பஸ் தரிப்பில் நின்று வருகிற பஸ்ஸைப் போகவிடுவது. ஒரு கிழமை முழுக்க உதயகலா எங்கள் சந்தியில் நின்று பஸ்களை அனுப்பினாள். "என்ன அக்கா, இண்டைக்கும் ஏறேல்லையோ?" என்று கொண்டக்டர்மார் பகிடி பண்ணினார்கள். "நாளையிண்டைக்கு ஏறுவன், இடம் வைச்சிரும்" என்பாள். ஏறினாள். கையில் மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தாள். வீட்டுக்கு வந்து வெயிலில் நின்றவள் மாதிரி முகம் சிவந்து சொன்னாள்: "பதினொரு நிமிஷம். அதுக்கு மேலை நிண்டு பிடிக்கப் பயத்துக்குத் தெம்பில்லை."

பாலம் ஒன்பதாவது படி. அதற்குக் காரணம் கற்பிக்க நிறையப்பேர் வந்தார்கள். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு யுத்த இடப்பெயர்வில், பதினைந்து வயதில், மழைக்குள் அந்தப் பாலத்தால் நடந்தவள்தானே, அதுதான் என்றார்கள். ஆய்வு செய்ய வந்த ஒரு பல்கலைக்கழகப் பிள்ளை ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து அதையே கேட்டாள். உதயகலா சொன்னாள்: "அண்டைக்கு இந்த வலிகாமச் சனம் முழுக்க அந்தப் பாலத்தாலைதான் நடந்தது, தங்கச்சி. எல்லாருக்கும் வரேல்லை, எனக்கு வந்திருக்கு. அதுவாயும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். காரணம் கண்டுபிடிச்சு முடிய நான் கிழவியாயிடுவன். நான் முதல் பஸ்ஸிலை ஏறப் போறன்." டொக்டரிடமும் கேட்டோம். காரணம் எதுவானாலும் படிகள் மாறாது என்றார்.

2019 தையில் தனியாகப் பாலத்தைக் கடந்து சாவகச்சேரிச் சந்தைக்குப் போய், ஒரு பலாப்பழத்தோடு வந்தாள். வேலைக்கும் திரும்பினாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் சோமசேகரம் அண்ணைக்கும் பிடித்திருக்கும். ஆனால் கொரோனாக் காலத்தில் ஊரடங்கு வந்தது. எல்லாரும் வீட்டுக்குள் தவித்தபோது அவளுக்கு மட்டும் நிம்மதியாக இருந்தது. குளிசையையும் எனக்குச் சொல்லாமல் விட்டுவிட்டாள். ஊரடங்கை நீக்கிய அன்று, படலையைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்குப் பழையபடி விரல் விறைத்தது. அன்று அவள் அழுததைப்போல் எப்போதும் அழுததில்லை. அடுத்த நாள் கிளினிக்குக்குப் போய், செய்ததை ஒளிக்காமல் டொக்டரிடம் சொன்னாள். முதல் படியிலிருந்து திரும்பத் தொடங்கினாள். அதே சந்தி, அதே கொண்டக்டர்மார். என்னைக் கேட்டால், முதல் தடவை ஏறியதைவிட இந்த இரண்டாம் தடவைதான் பெரியது.

அதற்குப் பிறகு அவள் எதையும் மறைக்கவில்லை. சங்கக்கடை மேசையில், சிட்டைக் கட்டுக்குப் பக்கத்தில் கிளினிக் கொப்பி கிடக்கும். "உதேன் பிள்ளை இதிலை வைச்சிருக்கிறாய்?" என்று ஒரு கிழவர் கேட்டதற்கு, "நீங்கள் பிரஷருக்குப் போடுறியள், நான் பயவருத்தத்துக்குப் போடுறன். உங்கடை கொப்பியையும் வையுங்கோ, ஆரின்ரை வடிவெண்டு பாப்பம்" என்றாள்.

அந்த மேசைக்குத்தான் சென்ற வருடம் எங்கள் ஊர்த் தங்கமுத்து அக்கா வந்தா. கடை வெறுமையாகும்வரை நின்று, குரலைத் தாழ்த்தி, தன் மகள் வித்தியாவுக்கும் இப்படித்தான் என்றா. வித்தியாவுக்கு இருபத்தைந்து வயது. பட்டினத்தில் கணினி நிலையமொன்றில் படிப்பித்தவள், பஸ்ஸில் இரண்டு தடவை மூச்சடைத்தபின் வேலையை விட்டு அறைக்குள் இருந்தாள். உதயகலா கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். படிகளை எழுதுவித்தாள். ஒவ்வொரு சனியும் புதனும் இருவரும் பஸ் ஏறினார்கள்; முதலில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில், பிறகு முன்னும் பின்னுமாக. பங்குனி ஆறாம் திகதி வித்தியா யாழ்ப்பாணத்திலிருந்து கைதடிக்குத் தனியாக வரவேண்டும். உதயகலா முந்திய பஸ்ஸில் போய்க் கைதடித் தரிப்பில் காத்து நிற்பதாக ஏற்பாடு.

அடுத்த பஸ்ஸில் வித்தியா வந்தாள். பாலத்தையும் தனியாகக் கடந்து வந்து இறங்கினாள். தெருவில் கூட்டத்தையும் குடையையும் கண்டாள்.

அதன்பின் அவள் அறையைவிட்டு வரவில்லை. தங்கமுத்து அக்கா ஊர்க்கதையைக் கேட்டுக் குளிசைகளைக் குப்பைக் கிடங்கில் போட்டு மண்மூடித் தாட்டுவிட்டா. இது எனக்கு இருபதாம் நாள்தான் தெரியவந்தது. உதயகலாவைப் பற்றிச் சனம் என்ன சொன்னாலும் அவளுக்கு இனி நோகாது. ஆனால் அந்தப் பொய் இன்னொரு பிள்ளையின் குளிசையைத் தாட்டிருக்கிறது. நான் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

"உங்கடை மனிசி போனது காணாதோ? என்ரை பிள்ளையையும் றோட்டிலை கொண்டுபோய் விடப் போறியளோ?" என்றா தங்கமுத்து அக்கா, கதவை முழுதாகத் திறக்காமல்.

துஷாந்தினிதான் தாயைப்போல் நேரே உள்ளே போனாள். வித்தியா கட்டிலில் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். தலை பல நாள் வாரப்படாமல் இருந்தது.

"அண்ணை," என்றாள் திரும்பாமலே, "அக்கா பயந்தவவோ? குதிச்சவவோ?"

"இல்லைப் பிள்ளை. நான் பதிவைக் கண்டனான். பஸ் நிண்டாப் பிறகு இறங்கி, ஆறுதலாக் குடையை விரிச்சவ. மோட்டச்சைக்கிள்காரன் பிழையான பக்கத்தாலை வந்தவன்."

"எனக்காகத்தானே வந்தவ. நான் ஏலாதெண்டு சொல்லியிருந்தா…"

"நீங்கள் ஏலாதெண்டு சொல்லியிருந்தா அம்மா வீட்டை வந்து உங்களைப் பேசியிருப்பா," என்றாள் துஷாந்தினி. "இப்பவும் இருந்திருந்தா இந்த அறையிலை இருபது நாள் விட்டு வைச்சிருப்பாவோ? தலையைப் பாருங்கோ, காகம் கூடு கட்டும்."

வித்தியா சிரிக்கவில்லை. ஆனால் தலையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நெடுநேரம் அழுதாள். தங்கமுத்து அக்கா கதவு நிலையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தா, கடைசியில், "குளிசையை டக்கெண்டு விட்டது பிழையோ தம்பி?" என்று என்னிடம் கேட்டா.

"அதை டொக்டரிட்டைக் கேப்பம். நாளைக்குக் கிளினிக் நாள்."

"ஆர் கண்டாலும்…"

"அக்கா, மாஸ்டரும் வாறாராம்."

போனோம், நாலு பேரும் மாஸ்டருமாக, காலையில், சந்தியெல்லாம் பார்க்க. மாஸ்டரின் கொப்பியில் தாள் சுற்றியிருக்கவில்லை. டொக்டர் வித்தியாவிடம் நிறையக் கதைத்தார். துக்கம் வேறு, வருத்தம் வேறு, இரண்டுக்கும் இடம் கொடுக்கலாம் என்றார். குளிசையைக் குறைந்த அளவிலிருந்து திரும்பத் தொடங்கச் சொன்னார்.

இதையெல்லாம் சேர்த்து எழுதியபின் சோமசேகரம் அண்ணையிடம் திரும்பவும் கொடுத்தேன். ஒரு சொல்லை எடுத்தாலும் மலர் அடிக்க வேண்டாம் என்றேன். துஷாந்தினி பக்கத்தில் நின்றாள்.

"மாமா, இதை வாசிச்சுப்போட்டு வேண்டாமெண்டு போற சம்பந்தம், போறதுதான் நல்லது."

அண்ணை கடைசிப் பக்கம் வரை வாசித்தார். நூல் கட்டிய இடத்தில் சற்று நிறுத்தினார். "என்னையும் விட்டு வைக்கேல்லை" என்றார். பிறகு தாள்களை உறையில் போட்டு அச்சகத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். இந்தக் கடைசிப் பகுதியை அச்சகத்தில் பிழைதிருத்தும்போது நான் சேர்த்தேன்.

ஆகவே இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்குச் சொல்கிறேன். உதயகலா மோட்டச்சைக்கிள் மோதி இறந்தாள். பயம் அவளைக் கொல்லவில்லை. பயத்தோடு அவள் ஆறரை வருடம் பொருதினாள், கடைசி நாளும் பஸ்ஸில் போய், போக நினைத்த இடத்தில் இறங்கினாள். உங்கள் வீட்டில் யாராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படலைக்குள் நிற்கிறார்கள் என்றால், கிட்ட இருக்கிற கிளினிக்குக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

வித்தியா தன் பெயரையும் போடச் சொன்னாள், அதனால் போட்டிருக்கிறேன். ஒரு புதுத்தாளில் தன் கையெழுத்தில் பத்துப் படிகள் எழுதியிருக்கிறாள். முந்தநாள் சந்தியில் நின்று மூன்று பஸ்களைப் போகவிட்டாள். நேற்றுத் துஷாந்தினியோடு ஒரு தரிப்பு தூரம் போய் நடந்து வந்தாள். மூன்றாவது படி, மானிப்பாய் ஆஸ்பத்திரியடி வரை தனியாகப் போவது. அதை இன்னும் செய்யவில்லை.